மதுரையில் பிறந்த டி மார்கன்

சென்ற கோடை விடுமுறையில் ஒரகடத்தை அடுத்த தொழிற்சாலை ஒன்றில் ஆறு வாரம் பயிற்சி பெறும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கணிதம் படிக்கும் மாணவனுக்கு இயந்திரங்களின் நடுவே என்ன வேலை என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த ஐயம் இருந்தது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் செல்லும் சாலையில் விடியற்காலையில் நின்றால், ஷிப்டுக்குப் போகும் கம்பெனிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். இராமானுசர் பிறந்த ஊர் என்று பெயர் பெற்ற அவ்வட்டாரம், 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை வந்தபின் வேறு முகம் கொண்டுவிட்டது. அந்தப் பேருந்துகளில் ஒன்றில் அமர்ந்து நான் போய்ச் சேர்ந்த இடத்தில்தான், முதலாண்டில் ஐந்து மதிப்பெண் வினாவுக்காக மனப்பாடம் செய்த ஒரு பெயரை மீண்டும் கேட்டேன். அகஸ்டஸ் டி மார்கன் என்பதே அப்பெயர். அவருடைய வாழ்க்கையை எழுதுமுன், அவரை நான் சந்தித்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

இக்காலத் தொழிற்சாலைகளில் இயந்திரங்களை இயக்குவது பி.எல்.சி. எனப்படும் சிறு கணிப்பொறி. அதற்குக் கட்டளை எழுதும் முறை விந்தையானது. வரி வரியாக எழுதுவதில்லை; படமாக வரைகிறார்கள். இருபுறமும் இரண்டு நெடுங்கோடுகள், நடுவே ஏணிப்படிகள் போலக் குறுக்குக் கோடுகள். ஆகவே அதற்கு லேடர் என்றே பெயர். ஒவ்வொரு படியின் இடப்பக்கத்தில் கான்டாக்டுகள் இருக்கும். வலக்கோடியில் காயில் இருக்கும். இரண்டு கான்டாக்டுகளை அடுத்தடுத்து வைத்தால் இரண்டும் நிறைவேற வேண்டும் என்று பொருள். ஒன்றின் கீழ் ஒன்றாக இணையாக வைத்தால் ஏதேனும் ஒன்று நிறைவேறினால் போதும் என்று பொருள். பள்ளியில் நாம் பல்புகளைத் தொடரிணைப்பிலும் பக்க இணைப்பிலும் வைத்துப் படித்தோமே, அதே செய்திதான்.

பயிற்சிக்கென ஒரு மேசை இருந்தது. அதில் காற்றழுத்தத்தில் முன்னும் பின்னும் ஓடும் ஒரு சிறு சிலிண்டர், அதன் முன் கண்ணாடி போன்ற ஒரு தடுப்புக் கதவு, கை குறுக்கிட்டால் அறிந்துகொள்ளும் ஓர் ஒளித்திரை ஆகியவை இருந்தன. கதவு திறந்திருந்தாலோ, ஒளித்திரை மறைக்கப்பட்டாலோ சிவப்பு விளக்கு எரிய வேண்டும். அந்தப் படி ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. இரண்டு கான்டாக்டுகள் இணையாக இருந்தன. பராமரிப்புப் பொறியாளர் என்னிடம், தம்பி, இதற்கு நேர் எதிரானதை நீ எழுது, சிலிண்டர் ஓட அனுமதி தரும் படி வேண்டும் என்றார். இது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். அதே படியை நகலெடுத்து, இரண்டு கான்டாக்டுகளையும் எதிர்மறையாக மாற்றிவிட்டேன். கதவை மூடித் திரையையும் தெளிவாக விட்டுப் பார்த்தேன்; சிலிண்டர் ஓடியது. கதவைத் திறந்து திரையையும் மறைத்துப் பார்த்தேன், நின்றது. வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டேன்.

அவ்வேளையில் தேநீர் இடைவேளைக்குப் போகும் வழியில் மூத்த ஆபரேட்டர் அண்ணன் ஒருவர் மேசைப் பக்கம் வந்தார். அவருடைய இடக்கையில் இரண்டு விரல்கள் முதல் கணுவோடு முடிந்துவிடும். இளமையில் வேறோர் ஊரில், ஒரு சிறிய பட்டறையின் பிரஸ்ஸில் போனவை. அவர் ஒன்றும் பேசாமல் கதவை மட்டும் திறந்தார், திரையைத் தொடவில்லை. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினார். சிலிண்டர் ஓடியது. திறந்த கதவின் முன்னால் அது போய்வந்துகொண்டிருந்ததை நாங்கள் இருவரும் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். அது பயிற்சி மேசை. சிலிண்டரும் விரல் தடிமன்தான். எனினும் என் வாய் உலர்ந்துவிட்டது.

பொறியாளர் வந்து பார்த்துவிட்டு வெள்ளைப் பலகையில் இரண்டே வரி எழுதினார். டி மார்கன் விதிகள்! ஒரு 'அல்லது' தொடரை முழுவதும் மறுக்கும்போது, உறுப்புகள் ஒவ்வொன்றும் மறுக்கப்படுவது மட்டுமன்று, நடுவிலுள்ள 'அல்லது' என்பது 'மற்றும்' என்று மாறவும் வேண்டும். கதவு திறந்தது அல்லது திரை மறைந்தது என்பதன் எதிர்மறை, கதவு திறக்கவில்லை, திரையும் மறையவில்லை என்பதே. நான் கான்டாக்டுகளை மாற்றினேன். இணைப்பை மாற்ற மறந்தேன். இரண்டு பாதுகாப்புகளில் ஏதேனும் ஒன்று சரியாக இருந்தால் போதும் என்று இயந்திரத்துக்குச் சொல்லிவிட்டேன். இந்த விதியைத் தேர்வில் நிறுவி ஐந்துக்கு ஐந்து வாங்கியவன் நான்!

அந்த மனிதர் எந்த ஊரில் பிறந்தவர் தெரியுமா என்று பொறியாளர் கேட்டார். கணித மாணவனாகிய எனக்குத் தெரியவில்லை. மதுரையில் என்றார்.

வீடு திரும்பியதும் அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். பொறியாளர் சொன்னது மெய்தான். அகஸ்டஸ் டி மார்கன் 1806-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் மதுரையில் பிறந்தார். தந்தையார் ஜான் டி மார்கன், கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் அதிகாரி. குழந்தை பிறந்த பதின்மூன்றாம் நாள், ஜூலை 10-ஆம் நாளில்தான் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்கலாம். கைக்குழந்தைப் பருவத்திலேயே அவருக்கு ஒரு கண்ணின் பார்வை போய்விட்டது. ஏழு மாதக் குழந்தையாக இருக்கும்போது குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. ஆகவே நம் மண்ணைப் பற்றி அவருக்கு நினைவேதும் இருந்திருக்க முடியாது. ஆனால் பிரிட்டனின் எந்த நாட்டாரோடும் தம்மைச் சேர்த்துக்கொள்ளாமல், எதிலும் ஒட்டாதவர் என்றே தம்மைச் சொல்லிக்கொள்வாராம்.

தாய்வழியில் கணிதம் இருந்தது. எதிர்மடக்கை அட்டவணையை 1742-இல் வெளியிட்ட ஜேம்ஸ் டாட்சன் அக்குடும்பத்தின் முன்னோர். ஆனால் பிள்ளைக்குப் பத்து வயதாகும்போதே தந்தை இறந்தார். பள்ளியில் ஒற்றைக்கண் பையனை மற்ற சிறுவர்கள் பாடாய்ப் படுத்தினார்கள். பார்வையற்ற கண் பக்கமாகப் பதுங்கி வந்து, கத்தியைக் கண்ணருகே நீட்டி விளையாடும் கொடுமையும் நடந்திருக்கிறது. விளையாட்டுகளில் அவர் சேர முடியவில்லை. பதினான்கு வயதுவரை அவரிடம் கணிதத் திறன் இருப்பதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. குடும்ப நண்பர் ஒருவர், இச்சிறுவன் யூக்ளிட் நூலின் படம் ஒன்றை அளவுகோலும் கவராயமும் கொண்டு அழகாக வரைந்துகொண்டிருப்பதைப் பார்த்து, யூக்ளிட் என்பது படம் வரைவதற்கு மட்டுமன்று, நிறுவுவதற்கு என்று விளக்கினாராம். அங்கிருந்துதான் தொடக்கம்.

1823-இல் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியில் சேர்ந்தார். பீக்காக், ஹியூவெல் போன்றோர் ஆசிரியர்கள். புல்லாங்குழல் நன்றாக வாசிப்பார். தேர்வுக்கென்று குறித்த பாடத்தை விட்டுவிட்டு மனம் போனபடி நூல்களைப் படிப்பார். ஆகவே 1827-இல் கணிதத் தேர்வில் நான்காம் இடமே கிடைத்தது. அக்காலத்தில் கேம்பிரிட்ஜில் முதுகலைப் பட்டம் பெற வேண்டுமானால் ஆங்கிலத் திருச்சபையின் கொள்கைகளை ஏற்பதாகக் கையெழுத்திட வேண்டும். அவர் மறுத்தார். பட்டமும் போயிற்று, கல்லூரியில் ஆய்வாளர் பதவிக்கான வழியும் அடைபட்டது. சட்டம் படிக்க லண்டன் சென்றார்.

அங்கே அவ்வேளையில் ஒரு புதிய பல்கலைக்கழகம் எழுந்துகொண்டிருந்தது. எந்தச் சமயத்தாராயினும் சேரலாம், சமயச் சோதனை கிடையாது என்பது அதன் கொள்கை. 1828-இல் அதன் முதல் கணிதப் பேராசிரியராக டி மார்கன் தேர்ந்தெடுக்கப்பட்டார். வயது இருபத்திரண்டு கூட நிரம்பவில்லை. நம் வகுப்பில் இருக்கும் சிலருடைய வயது! பின்னாளில் யூனிவர்சிட்டி கல்லூரி என்று பெயர் பெற்றது அந்நிறுவனமே.

மூன்றாண்டுகள் கழிந்தன. உடற்கூற்றியல் பேராசிரியர் ஒருவரைக் கல்லூரி ஆட்சிக்குழு நீக்கியது. தக்க காரணம் காட்டாமல் ஓர் ஆசிரியரை நீக்கும் உரிமை குழுவுக்கு இல்லை என்பது டி மார்கனின் கருத்து. அவர் தம் வேலையையே விட்டுவிட்டார். அது 1831. எழுதியும், தனிப்பாடம் சொல்லியும் பிழைத்தார். 1836-இல் அவருக்குப்பின் வந்த பேராசிரியர் நீரில் மூழ்கி இறக்கவே, கல்லூரி அவரை மீண்டும் அழைத்தது. விதிகள் திருத்தப்பட்டிருந்தமையால் வந்தார். முப்பது ஆண்டுகள் தொடர்ந்து கற்பித்தார். அடுத்த ஆண்டு சோஃபியா ஃபிரெண்டை மணந்தார். ஏழு குழந்தைகள் பிறந்தனர். அவர்களுள் வில்லியம் டி மார்கன் மட்பாண்டக் கலையில் பெரும் பெயர் பெற்றவர்.

ஆசிரியராக அவர் எப்படி இருந்தார் என்பதை நம் பேராசிரியர்கள் விரும்பிப் படிப்பார்கள் என்று நினைக்கிறேன். மனப்பாடம் செய்து தேர்வெழுதுவதை அவர் வெறுத்தார். சூத்திரத்தைக் கற்பிப்பதைவிட, அது எங்கிருந்து வருகிறது என்பதைக் கற்பிப்பதில் கருத்தாக இருந்தார். டாட்ஹன்டர், ஜெவன்ஸ் போன்றோர் அவரிடம் படித்தவர்கள். கவிஞர் பைரனின் மகள் அடா லவ்லேஸ் 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கடிதம் வழியாக அவரிடம் கணிதம் பயின்றார். அதே அடா 1843-இல் பாபேஜின் இயந்திரத்தைப் பற்றி எழுதிய குறிப்புகளில் கணிப்பொறிக் கட்டளையின் முதல் சாயலைப் பலர் காண்கிறார்கள். பொதுமக்களுக்காக வெளிவந்த பென்னி கலைக்களஞ்சியத்துக்கு அவர் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதினார். நாம் இன்று கணிதத் தொகுத்தறிதல் என்று படிக்கிறோமே, அம்முறைக்கு அப்பெயரை நிலைக்கச் செய்தது அதில் அவர் 1838-இல் எழுதிய கட்டுரையே.

1847-இல் அவருடைய தர்க்க நூல் வெளிவந்தது. அதற்குச் சற்று முன்பாக எடின்பரோ தத்துவப் பேராசிரியர் சர் வில்லியம் ஹாமில்டன், தம் கருத்தை டி மார்கன் திருடிவிட்டார் என்று பெரும் பூசல் கிளப்பினார். (டி மார்கனின் உயிர் நண்பரும் கணித மேதையுமான டப்ளின் ஹாமில்டன் வேறு, பெயர் ஒன்றாக இருப்பதால் நான் முதலில் குழம்பினேன்.) அப்பூசலைத் தொலைவிலிருந்து கவனித்துக்கொண்டிருந்தார் ஒரு பள்ளியாசிரியர். செருப்புத் தைப்பவரின் மகன்; கல்லூரி வாசலையே மிதிக்காதவர். அப்பூசல் தூண்டவே, தர்க்கத்தையே இயற்கணிதமாக்கி அவரும் 1847-இலேயே ஒரு சிறு நூலை வெளியிட்டார். அவர்தாம் ஜார்ஜ் பூல். இருவரும் பல்லாண்டுகள் கடிதத் தொடர்பு கொண்ட நண்பர்கள். ஒரே துறையில் ஒரே ஆண்டில் நூல் எழுதிய இருவர் கடைசிவரை நண்பர்களாகவே இருந்தார்கள் என்பது என்னை மிகவும் கவர்ந்தது.

டி மார்கன் விதி என்று நாம் அழைக்கும் உண்மை, சொல் வடிவில் இடைக்கால ஐரோப்பியத் தர்க்க அறிஞர்களுக்கும் தெரிந்ததுதான். அதைக் குறியீட்டுத் தர்க்கத்துக்குள் கொண்டுவந்தமையால் இவர் பெயர் நின்றது. ஆனால் அவரே தம் பெரும்பணியாகக் கருதத்தக்கது வேறு. தந்தை, அண்டை, பெரியது, சிறியது போன்ற உறவுகளைத் தர்க்கத்துக்குள் கொணர்ந்து 1860-இல் வெளியிட்ட கட்டுரை அது. நமக்குப் பாடத்தில் வருவது என்னவோ அந்த இரண்டு வரிகள்தாம்.

இந்தியாவோடு அவருக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. டில்லிக் கல்லூரி ஆசிரியர் இராமச்சந்திரர், நுண்கணிதத்தின் துணையின்றி இயற்கணிதத்தாலேயே பெரும, சிறும மதிப்புகளைக் காணும் முறையை ஒரு நூலாக எழுதி 1850-இல் கல்கத்தாவில் அச்சிட்டார். உள்ளூரில் அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் கண்டனமே. நூல் டி மார்கன் கைக்கு வந்தது. அவர் அதைப் படித்து, கம்பெனியின் இயக்குநர்களிடம் எடுத்துச் சொல்லி, தம் முன்னுரையோடு 1859-இல் லண்டனில் மறுபதிப்பு வரச் செய்தார். கிளர்ச்சி ஓய்ந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத வேளையில், ஓர் இந்திய ஆசிரியருக்காக இவ்வளவு பாடுபட்டவர் அவர். முன்னுரையில் இந்தியரின் இயற்கணித மரபை உயர்த்திப் பேசினார். இந்த ஒரு செயலுக்காகவே அவர் பெயரை நாம் அறிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வேடிக்கைகளிலும் அவருக்கு விருப்பம் அதிகம். தம் வயதைக் கேட்டவர்களுக்கு, எத்தனை வயதோ அதன் வர்க்கமே ஆண்டாக வரும் காலம் தம் வாழ்வில் உண்டு என்று புதிர் போடுவார். 1849-இல் அவருக்கு வயது 43. நாற்பத்து மூன்றின் வர்க்கம் 1849. நண்பர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்: 1980-இல் பிறந்தவர்களுக்கும் அந்தப் பேறு 2025-இல் கிடைத்தது. நம் ஆசிரியர்களில் யார் யார் என்று கேட்கும் துணிவு எனக்கில்லை. நாட்டுப் படத்துக்கு நான்கு நிறங்கள் போதுமா என்று 1852-இல் ஒரு மாணவர் கேட்ட கேள்வியை முதன்முதலில் கடிதம் மூலம் அறிஞர்களிடையே பரப்பியவரும் இவரே. அது 1976-இல் கணிப்பொறியின் துணையால்தான் நிறுவப்பட்டது.

1865-இல் லண்டன் கணிதக் கழகம் தொடங்கியபோது முதல் தலைவர் அவர். அதைத் தோற்றுவித்த இளைஞர் இருவருள் ஒருவர் அவர் மகன் ஜார்ஜ். ஆனால் மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 1866-இல் தத்துவப் பேராசிரியர் பதவிக்குத் தகுதியான ஒருவரை, அவருடைய சமயக் கருத்துக் காரணமாகக் கல்லூரி ஒதுக்கியது. சமயச் சோதனை கிடையாது என்ற கொள்கையை நம்பித்தான் டி மார்கன் அங்கே வாழ்நாளைக் கழித்தார். அறுபதாம் வயதில் இரண்டாம் முறை வேலையை விட்டார். மறு ஆண்டே ஜார்ஜ் இறந்தார்; 1870-இல் ஒரு மகளும் இறந்தார். 1871 மார்ச் 18-ஆம் நாள் அவரும் மறைந்தார். ராயல் சொசைட்டியில் சேர அவர் என்றும் விரும்பியதில்லை. எடின்பரோ தர முன்வந்த கௌரவப் பட்டத்தையும் வேண்டாம் என்றவர்.

அவர் இறந்து அறுபத்தாறு ஆண்டுகளுக்குப் பின், 1937-இல், ஷானன் என்ற அமெரிக்க மாணவர், ரிலேக்களால் ஆன மின்சுற்றும் பூலின் இயற்கணிதமும் ஒன்றே என்று தம் முதுகலை ஆய்வேட்டில் காட்டினார். 1960-களின் இறுதியில் கார்த் தொழிற்சாலைகளில் சுவர் நிறைய இருந்த ரிலேக்களுக்குப் பதிலாகப் பி.எல்.சி. வந்தது. எலக்ட்ரீஷியன்களுக்குப் பழக்கமான ரிலே வரைபடத்தையே அதன் மொழியாக்கினார்கள். 1993-இல் உலகத் தர நிர்ணயத்திலும் லேடர் இடம்பெற்றது. இவ்வாறாக மதுரையில் பிறந்தவரின் விதி ஒரகடத்து இயந்திரங்களுக்குள் வந்து சேர்ந்தது.

பிழைதேடும் வேலையில் அவ்விதி எவ்வளவு பயன்படுகிறது என்பதை மீதி நாள்களில் கண்டேன். இயந்திரம் ஓடவில்லை என்றால் தேடலை இடப்பக்கத்திலிருந்து தொடங்கக் கூடாது. வலக்கோடியிலுள்ள காயிலில் தொடங்கி, திரையில் எந்தக் கான்டாக்ட் நிறம் மாறாமல் நிற்கிறது என்று பின்னோக்கி வரவேண்டும். காயில் ஏன் விழவில்லை என்ற வினாவே ஒரு மறுப்புதானே! தொடரில் ஒன்று முறிந்தாலும் போதும். இணையில் எல்லாம் முறிந்திருக்க வேண்டும். ஒரே காயிலை இரண்டு படிகளில் எழுதினால் கடைசிப் படியே வெல்லும். முதற்படியை எத்தனை முறை பார்த்தாலும் பிழை தெரியாது. சோதனைக்காக ஒரு சைகையை வலிந்து இயக்கினால், லேப்டாப்பை மூடுமுன் அதை நீக்கிவிட வேண்டும். இதை மறந்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களைப் பற்றிப் பொறியாளர் சொன்ன சொற்களை மலரில் எழுத முடியாது.

என் படியில் இரண்டாவது பிழையும் இருந்தது. அதைக் காட்டியபோதுதான் எனக்கு உண்மையில் கண் திறந்தது. மேசையில் கதவு திறந்தால் சைகை வரும்படி சென்சார் வைக்கப்பட்டிருந்தது. கம்பி அறுந்தால் சைகை வராது. திறந்த கதவையும் மூடியதாகவே பி.எல்.சி. எண்ணிக்கொள்ளும். ஆகவே கதவு மூடியிருந்தால் சைகை, திரை தெளிவாக இருந்தால் சைகை என்று கம்பிகளையே மாற்ற வேண்டும். அப்போது கம்பி அறுந்தாலும் இயந்திரம் நின்றுவிடும். படியில் இரண்டு கான்டாக்டுகள் தொடராக நின்றால் போதும், மறுப்பே தேவையில்லை. ஸ்டாப் பொத்தானையும் இப்படித்தான் இணைக்கிறார்கள். அதனால்தான் அழுத்தாத நிலையில் மூடியிருக்கும் அப்பொத்தான், லேடரில் சாதாரணத் திறந்த கான்டாக்டாகத் தோன்றிப் புதியவர்களைக் குழப்புகிறது. இவ்வளவுக்கும் மேலாக, உண்மையான பிரஸ்ஸில் கதவும் அவசர நிறுத்தமும் தனியான பாதுகாப்பு ரிலே வழியாகவே செல்லும். என்னைப் போன்றவன் எழுதும் படியை மட்டும் நம்பி எவரையும் நிற்கவைப்பதில்லை.

கடைசி வாரத்தில் மேசையில் மூன்றாவதாக ஒரு சென்சாரைச் சேர்த்துப் படியைப் புதிதாக எழுதச் சொன்னார்கள். மூன்று நிபந்தனைகள், எட்டு நிலைகள். முன்பு நான்கு நிலைகளில் இரண்டை மட்டும் பார்த்துவிட்டு எழுந்தவன், இம்முறை தாளில் எட்டு வரி கோடு போட்டு ஒவ்வொன்றையும் சோதித்தேன். ஏழு நிலைகளில் சிலிண்டர் நின்றது. ஒன்றில் மட்டும் ஓடியது. ஆபரேட்டர் அண்ணனை அழைத்து வந்தேன். அவர் தாளை வாங்கி, நான் வைத்த வரிசையை விட்டுவிட்டுத் தம் விருப்பப்படி முன்பின்னாக எட்டையும் மறுபடி சோதித்தார். பிறகு பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்துத் தாளின் அடியில் கையெழுத்திட்டார். அத்தாளை என் இயற்கணிதப் புத்தகத்தில், அந்த ஐந்து மதிப்பெண் விதி உள்ள பக்கத்தில் வைத்திருக்கிறேன்.